பிரன்சனை எடுக்கலாமா? 2022 கோடையில் நியூயார்க் நிக்ஸ் போட்ட கணக்கு

2022 ஜூன் கடைசியில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆடும் நியூயார்க் நிக்ஸ் அணி, டல்லாஸ் மேவரிக்ஸில் ஆடிக்கொண்டிருந்த ஜேலன் பிரன்சனுக்கு நான்கு ஆண்டுக்கு 10.4 கோடி டாலர் கொடுக்கத் தயாரானது. அதுவரை அவர் ஒருமுறைகூட, லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானதில்லை. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 33ஆவது ஆளாகப் போனவர். பட்டியலில் 6 அடி 2 அங்குலம் என்று இருந்தாலும் களத்தில் நிற்கும்போது அதைவிடக் குள்ளமாகத் தெரிபவர். 'இவருக்கா இவ்வளவு?' என்று அன்று கேட்டவர்கள் ஏராளம். அவர்களில் பலரே இரண்டு ஆண்டு கழித்து 'அடிமாட்டு விலைக்கு அள்ளிவிட்டார்கள்' என்றார்கள்.

இரண்டு பேச்சும் சம்பளத் தொகையை மட்டுமே பார்க்கின்றன. அந்த ஒப்பந்தத்துக்கு முன்னால், அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் வரம்புக்குள் இடம் காலிசெய்ய ஒரு செலவு இருந்தது. பின்னால், அவருடைய உயரக்குறைவை மறைக்க அதைவிடப் பெரிய செலவு ஒன்று காத்திருந்தது. ஒரு ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போகக்கூடியவர்) பாயின்ட் கார்டை (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தைத் தொடங்குபவர்) எடுக்கலாமா என்று முடிவெடுக்கும் எந்த அணியும் இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஓட்டை எங்கே இருந்தது

2020-21இல் நிக்ஸ் 41 வெற்றி, 31 தோல்வியோடு கிழக்குப் பிரிவில் நான்காவது இடம். பயிற்சியாளர் டாம் திபடோவின் தடுப்பாட்டமும் ஜூலியஸ் ரேண்டலின் ஆட்டமும் அணியைத் தூக்கி நிறுத்தின. அந்த சீசனில் ரேண்டல் மூன்று புள்ளி வீச்சில் 41.1 சதவீதம் போட்டார். அடுத்த சீசனில் அது 30.8க்கு விழுந்தது. அணியும் 37-45 என்று சரிந்து 11ஆவது இடத்தில் முடிந்தது.

வீச்சு மட்டும் கெட்டிருந்தால் ஒரு நல்ல ஷூட்டரைப் பிடித்து ஒட்டுப்போட்டிருக்கலாம். உண்மையான கோளாறு, பந்தை முன்னே கொண்டுபோக ஆள் இல்லாதது. 2021 கோடையில் கெம்பா வாக்கரை எடுத்தார்கள், டெரிக் ரோஸைத் தக்கவைத்தார்கள். வாக்கரின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நவம்பரிலேயே ஆடும் ஆட்களின் சுழற்சியிலிருந்து எடுக்கப்பட்டு, மொத்தம் 37 ஆட்டம்தான் ஆடினார். ரோஸ் 26 ஆட்டத்தோடு கணுக்கால் அறுவை சிகிச்சைக்குப் போனார். பிறகு பாயின்ட் கார்டு இடத்தில் தொடங்கியவர் அலெக் பர்க்ஸ். அவர் இயல்பில் ஒரு ஷூட்டிங் கார்டு, அந்த வேலையைச் செய்ய எடுக்கப்பட்டவர் அல்ல.

விளைவு களத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அணியில் ஆட்டத்துக்கு அதிக அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) கொடுத்தவர் ரேண்டல், 5.1. வழக்கமாகக் கூடைக்கருகே ஆடும் பவர் ஃபார்வர்டு ஒருவரே பந்தைக் கொண்டுவந்து, அவரே திட்டத்தைத் தொடங்கி, அவரே முடிக்க வேண்டியிருந்தால் எதிரணிக்கு வேலை சுலபம். 24 விநாடிக் கடிகாரத்தில் பத்து விநாடி கரைந்தபிறகே பந்து அவர் கைக்கு வரும். இரண்டாவது ஆள் ஓடிவந்து மறித்தால், மிச்ச நேரத்தில் வேறு வழி தேட ஆளிருக்காது. ஆக, நிக்ஸுக்குத் தேவைப்பட்டது வெறும் புள்ளி அல்ல. ஸ்கிரீனைப் (சக ஆட்டக்காரர் நின்று தடுப்பாளரின் வழியை மறிப்பது) பயன்படுத்தி உள்ளே நுழைந்து, தடுப்பை வளைத்து, ரேண்டலைப் பந்தில்லாத இடத்துக்கு நகர்த்தக்கூடிய ஒருவர்.

ஆளைப் பார்ப்பது

பிரன்சனின் 2021-22 எண்கள்: 79 ஆட்டம், 61இல் தொடக்க அணி, ஆட்டத்துக்கு 16.3 புள்ளி, 4.8 அசிஸ்ட், களவீச்சில் 50.2 சதவீதம், மூன்று புள்ளியில் 37.3. நல்ல எண்கள்தான், ஆனால் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் வாங்கும் முதன்மை ஆட்டக்காரரின் எண்கள் அல்ல. சந்தேகப்பட்டவர்கள் இங்கேதான் நின்றுவிட்டார்கள்.

டல்லாஸின் அன்றைய நட்சத்திரம் லூகா டான்சிச்சோடு ஆடும் ஒருவரின் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. லூகா களத்தில் இருக்கும்போது பந்து அவர் கையில். பக்கத்தில் இருப்பவர் மூலையில் நின்று வீச்சுக்குக் காத்திருப்பார், அல்லது தடுப்பு ஏற்கெனவே குலைந்தபிறகு உள்ளே ஓடுவார். அப்போது வீச்சு சதவீதம் தானாக உயரும், அசிஸ்ட் தானாகக் குறையும். ஆகவே லூகா இல்லாத நிமிடங்களைத் தனியாகப் பிரித்து எடுக்க வேண்டும். அதிலும் அவர் தானே உருவாக்கிய வீச்சுகளை மட்டும் எண்ண வேண்டும். அந்த நிமிடங்களில் சதவீதம் பாதாளத்துக்குப் போகாமல் நின்றால் ஆள் தேறுவார்.

இதற்கு ஒரு சோதனைக்களம் தானாகவே அமைந்தது. 2022 பிளேஆஃபின் (சீசன் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் தொடர்கள்) முதல் சுற்றில் யூட்டாவுக்கு எதிராக லூகா கெண்டைக்கால் தசைப்பிடிப்பால் முதல் மூன்று ஆட்டங்களுக்கு இல்லை. பிரன்சன் வரிசையாக 24, 41, 31 புள்ளி எடுத்தார். டல்லாஸ் மூன்றில் இரண்டை வென்றது. அந்தத் தொடரின் ஓர் ஆட்டத்தை நிக்ஸ் தலைவர் லியோன் ரோஸ் களத்தோரமாக உட்கார்ந்தே பார்த்தார். டல்லாஸ் மேற்குப் பிரிவு இறுதி வரை போனது. 18 பிளேஆஃப் ஆட்டங்களில் பிரன்சனின் சராசரி 21.6.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கை தேவை. யூட்டாவின் வெளிவட்டத் தடுப்பு அந்த ஆண்டு பலவீனம். அவர்களுடைய சென்டர் ரூடி கோபேர் கூடைக்குப் பக்கத்திலேயே நின்று காக்கும் முறையில், உள்ளே நுழையும் கார்டுக்கு நடுத்தூரத்தில் நிறைய இடம் கிடைக்கும். பிரன்சன் வாழ்வதே அந்த இடத்தில்தான். இரண்டாவது, ஓராண்டு முன்னால் 2021 பிளேஆஃபில் கிளிப்பர்ஸ் நீளமான கைகளும் உயரமும் கொண்ட ஆட்களை வரிசையாக நிறுத்தியபோது பிரன்சன் ஆட்டத்துக்கு 8 புள்ளியோடு சுருங்கிப்போனார், நிமிடங்களும் வெட்டப்பட்டன. யூட்டாத் தொடரை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதும் தவறு, கிளிப்பர்ஸ் தொடரை மட்டும் பார்த்து ஒதுக்குவதும் தவறு. இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் என்ன மாறியிருக்கிறது என்று தெரியும்.

மாறியது கால்வேலை. அவருடைய ஒரு நுழைவை மெதுவாகப் பார்க்கலாம். வலப்பக்கத்தில் ஸ்கிரீன் கிடைக்கிறது. இடதுகைக்காரர், பந்தை இடது கையில் வைத்துக்கொண்டு ஸ்கிரீனை ஒட்டித் திரும்புகிறார். ஸ்கிரீனில் மாட்டிய தடுப்பாளர் பின்னாலிருந்து ஓடிவருவார். வேகமான கார்டு என்றால் அப்படியே பறப்பார். பிரன்சன் வேகத்தைக் குறைக்கிறார். ஓடிவந்தவர் அவர் முதுகில் மோதி அங்கேயே சிக்கிக்கொள்கிறார், முன்னால் சென்டர் பின்வாங்கிக்கொண்டிருக்கிறார். ஃப்ரீ த்ரோ கோட்டுக்குச் சற்று உள்ளே இரண்டு காலையும் ஊன்றி நிற்கிறார். டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நகர்வது) முடிந்துவிட்டது. பெரும்பாலான குள்ள கார்டுகளுக்கு இது ஆபத்தான நிலை, பந்தைக் கொடுக்க வேண்டியதுதான். பிரன்சனுக்கு ஆட்டம் இங்கேதான் தொடங்குகிறது: ஒரு காலை ஊன்றித் திரும்புகிறார், தோளைக் காட்டுகிறார், பந்தை ஒருமுறை உயர்த்திக் காட்டுகிறார். யாராவது குதித்தால் அவருக்கு அடியில் புகுந்து வீச்சு; யாரும் குதிக்காவிட்டால் பின்னோக்கிச் சாய்ந்து வீச்சு.

வேகத்தையோ எகிறலையோ நம்பாத ஆட்டம் இது. சந்தை குறைத்து மதிப்பிட்டது இதைத்தான். வேகத்தை மட்டுமே வைத்துப் பிழைக்கும் கார்டு 30 வயதில் சரியத் தொடங்குவார், முழங்காலில் ஒரு காயம் வந்தால் அதற்கும் முன்பே. கெம்பா வாக்கர் கண்ணெதிரே இருந்த உதாரணம். ஒப்பந்தம் தொடங்கும்போது பிரன்சனுக்கு 25 வயது, முடியும்போது 29. கால்வேலையை வைத்து ஆடுபவருக்கு அந்த நான்கு ஆண்டும் ஏறுமுகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கையில் எப்படிக் கிடைத்தார்

இதில் டல்லாஸின் 2018 முடிவு ஒன்று ஒளிந்திருக்கிறது. டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வானவருக்கு என்பிஏவில் நிர்ணயித்த ஊதிய அட்டவணை உண்டு. நான்கு ஆண்டு முடிந்ததும் அணி விரும்பினால் அவரைக் 'கட்டுப்பாடுள்ள' ஃப்ரீ ஏஜென்டாக்கலாம். வேறு அணி என்ன தொகை சொன்னாலும் அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைக்கலாம். இரண்டாம் சுற்று ஆட்டக்காரருக்கு அந்த அட்டவணை கிடையாது. மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டால் முடிவில் கட்டுப்பாடுள்ளவர், ஆனால் ஓராண்டு முன்பே சந்தைக்கு வருவார். நான்கு ஆண்டு போட்டால் மலிவாக இன்னோர் ஆண்டு ஆடுவார், ஆனால் முடிவில் முழுச் சுதந்திரம். டல்லாஸ் நான்கு போட்டது. நான்கு ஆண்டுக்கும் சேர்த்துச் செலவு சுமார் 60 லட்சம் டாலர்தான். அந்த மலிவுக்கு 2022இல் விலை கொடுத்தார்கள்.

2021-22 சீசனுக்கு முன்பே நீட்டிப்பு கொடுக்க விதி இடம் தந்தது. உச்சம் நான்கு ஆண்டுக்குச் சுமார் 5.55 கோடி. அது அப்போது கையெழுத்தாகவில்லை. சீசன் போகப்போக அவருடைய விலை அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டது. கடைசியில் பதிலுக்கு ஒரு ஆட்டக்காரரோ ஒரு டிராஃப்ட் தேர்வோகூட (டிராஃப்டில் ஓர் ஆளை எடுக்கும் உரிமை) வாங்காமல் டல்லாஸ் அவரை இழந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. லியோன் ரோஸ் முன்னாள் முகவர். பிரன்சனின் தந்தை ரிக் பிரன்சன் அவருடைய பழைய வாடிக்கையாளர், நிக்ஸின் முன்னாள் ஆட்டக்காரர். 2022 ஜூனில் அவரையே திபடோவின் உதவிப் பயிற்சியாளராக எடுத்தார்கள். சந்தை திறக்கும் முன்பே பேசினார்கள் என்று லீக் விசாரித்து, அந்த டிசம்பரில் நிக்ஸின் 2025 இரண்டாம் சுற்றுத் தேர்வைப் பறித்தது. தண்டனை என்று பார்த்தால் கொசுக்கடி. இப்படி ஒரு தொகையை முன்கூட்டியே செலவுக் கணக்கில் எழுதிவைக்க எந்த அணிக்கும் கை கூசாது என்பதுதான் அந்த விதியின் பலவீனம்.

இடம் பண்ணிய விதம்

2022-23க்கான ஊதிய வரம்பு 12.3655 கோடி டாலர். ஜூன் தொடக்கத்தில் நிக்ஸிடம் வெளியிலிருந்து ஒரு பெரிய ஆளை எடுக்க இடமே இல்லை. சொந்த ஆட்களை வைத்துக்கொள்ள வரம்பைத் தாண்டலாம், அதற்கு 'பேர்ட் உரிமை' என்று பெயர். வெளியாளுக்கு 2.7 கோடி கொடுக்க வேண்டுமானால் வரம்புக்குக் கீழே உண்மையான இடம் வேண்டும்.

ஜூன் 23, டிராஃப்ட் இரவு. 11ஆவது தேர்வை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்து, நிபந்தனையோடு கூடிய மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளை வாங்கினார்கள்: டென்வர், டெட்ராய்ட், வாஷிங்டன் அணிகளுடையவை. அதில் டென்வருடையதோடு நான்கு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைச் சேர்த்து ஷார்லட்டிடம் கொடுத்து 13ஆவது தேர்வான ஜேலன் டியூரனைப் பெற்றார்கள். உடனே டியூரனையும் வாக்கரையும் டெட்ராய்டுக்கு அனுப்பி, மில்வாக்கியின் 2025 முதல் சுற்றுத் தேர்வை வாங்கினார்கள். சில நாள் கழித்து நெர்லென்ஸ் நோயல், அலெக் பர்க்ஸ் இருவரையும் அதே டெட்ராய்டுக்கே அனுப்பினார்கள், கூடவே இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வும் 60 லட்சம் டாலர் ரொக்கமும்.

வாக்கருக்கு 92 லட்சம், நோயலுக்கும் அதே அளவு, பர்க்ஸுக்கு ஒரு கோடி. மூவருக்கும் சேர்த்து 2.84 கோடி. பிரன்சனின் முதலாண்டுச் சம்பளம் 2.77 கோடி. மூன்று பேர் போன பள்ளத்தில் ஒருவர் கச்சிதமாக உட்கார்ந்தார்.

கையெழுத்து வரிசையும் முக்கியம். சென்டர் மிட்செல் ராபின்சனும் அப்போது ஃப்ரீ ஏஜென்ட். அவரும் 2018 இரண்டாம் சுற்று, பழைய சம்பளம் மிகச் சிறியது. அவருக்காக வரம்பில் ஒதுக்கிவைக்கும் தொகையும் அதனால் சிறியதே. முதலில் இடத்தைப் பயன்படுத்தி பிரன்சனையும் மாற்று சென்டர் ஐசையா ஹார்டன்ஸ்டைனையும் எடுப்பது, கடைசியில் பேர்ட் உரிமையில் ராபின்சனுக்கு நான்கு ஆண்டுக்கு 6 கோடி கொடுத்து வரம்பைத் தாண்டுவது. ராபின்சனை முதலில் கையெழுத்து வாங்கியிருந்தால் அவருடைய முழுச் சம்பளமும் வரம்பில் ஏறி, பிரன்சனுக்கு இடம் அடைபட்டிருக்கும். ஹார்டன்ஸ்டைனுக்கு இரண்டு ஆண்டுக்கு 1.6 கோடி. அன்று யாரும் பேசாத இந்தச் சேர்க்கை, ஸ்கிரீன் போட்டுவிட்டு நடுவில் பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த சென்டரைப் பிரன்சனுக்குத் தந்தது.

இந்தச் செலவை எப்படி மதிப்பிடுவது? ஆறு இரண்டாம் சுற்றுத் தேர்வு, ரொக்கம், 11ஆவது இடம், கையை விட்டுப் போன டியூரன். பதிலுக்குத் தள்ளிப்போடப்பட்ட மூன்று முதல் சுற்றுத் தேர்வுகள் (டெட்ராய்ட், வாஷிங்டன், மில்வாக்கி) எஞ்சின. 11க்கு அடுத்த இடத்தில் ஓக்லஹோமா எடுத்தது ஜேலன் வில்லியம்ஸை, பின்னாளில் சாம்பியன் அணியின் தூண். இதைச் சொல்லி நிக்ஸைக் குறை சொல்வது எளிது. 11இல் அமர்ந்திருந்தால் அவரையே எடுத்திருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நியாயமான குறை வேறு: முந்தைய கோடையில் வாக்கர், நோயல், பர்க்ஸ் மூவருக்கும் 2022-23 வரை உறுதியான சம்பளம் எழுதாமல் இருந்திருந்தால், அந்த ஆறு தேர்வில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். காலிசெய்யும் செலவு பிரன்சனுடையது அல்ல, 2021இல் செய்த வேலைக்கான வட்டி.

தொகையும் அதன் வடிவமும்

நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு உச்சச் சம்பளம் வரம்பில் 25 சதவீதம். 2022-23இல் அது 3.09 கோடி. ஆண்டுக்கு 5 சதவீத ஏற்றத்தோடு நான்கு ஆண்டுக்குச் சுமார் 13.3 கோடி. பிரன்சன் வாங்கிய 10.4 கோடி அதில் 78 சதவீதம். 'ஆல்ஸ்டார் இல்லாதவருக்கு உச்சச் சம்பளம்' என்ற அன்றைய கூச்சல் கணக்கிலேயே தவறு.

ஒப்பந்தம் இறங்குமுகமாக எழுதப்பட்டது: 2.773 கோடி, 2.635, 2.496, கடைசி ஆண்டு மீண்டும் 2.496. அந்தக் கடைசி ஆண்டு ஆட்டக்காரர் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதே மொத்தத்தை ஏறுமுகமாக எழுதியிருந்தால் 2.42 கோடியில் தொடங்கியிருக்கும். அதாவது முதலாண்டில் 35 லட்சம் டாலர் கூடுதல் இடம் பண்ண வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தை ஏன் படவேண்டும்? ஊதிய வரம்பு ஆண்டுதோறும் ஏறும். இறங்கும் சம்பளம் ஏறும் வரம்போடு எதிர்த்திசையில் போகும். முதலாண்டில் வரம்பில் 22.4 சதவீதம். இரண்டாம் ஆண்டில் வரம்பு 13.6021 கோடியானபோது 19.4. மூன்றாம் ஆண்டில், வரம்பு 14.0588 கோடி, 17.8. நிக்ஸின் இன்னோர் ஆட்டக்காரர் ஆர்ஜே பேரட்டின் புதிய ஒப்பந்தம் 2023-24இல் தொடங்கவிருந்த நிலையில் அந்தச் சில லட்சங்கள் தேவைப்பட்டன.

இறங்குமுக வடிவத்தில் 2022இல் யாரும் எதிர்பாராத இன்னொரு லாபம் கிடைத்தது. நீட்டிப்பின் முதலாண்டுச் சம்பளத்துக்கு உச்சம், முந்தைய ஆண்டுச் சம்பளத்தின் குறிப்பிட்ட விகிதம். லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையே 2023இல் வந்த புதிய கூட்டு ஒப்பந்தம் அதை 140 சதவீதமாக்கியது. 2024 ஜூலையில் பிரன்சன் நீட்டிப்புக்குச் சம்மதித்தபோது அடித்தளம் 2.496 கோடி. அதன் 140 சதவீதம் 3.494 கோடி, ஆண்டுக்கு 8 சதவீத ஏற்றத்தோடு நான்கு ஆண்டுக்கு 15.65 கோடி. பழைய ஒப்பந்தம் ஏறுமுகமாக இருந்திருந்தால் அடித்தளம் 2.66 கோடியாகி, இதே சூத்திரம் 16.7 கோடிக்குப் போயிருக்கும். ஒரு கோடி டாலர் வித்தியாசம் வெறும் வடிவத்தால். இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 26.9 கோடி வாங்கியிருக்கலாம், அதை அவர் விட்டுக்கொடுத்தார் என்பது தனிக்கதை. அப்படி ஒரு தயவை எந்த அணியும் முன்கூட்டிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் உறுத்துவது கடைசி ஆண்டின் ஆட்டக்காரர் விருப்பம்தான். நன்றாக ஆடினால் மூன்றே ஆண்டில் சந்தைக்குப் போவார். காயப்பட்டால் நான்காம் ஆண்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு இருப்பார். நஷ்டம் எப்போதும் அணிக்குத்தான். டல்லாஸ் பேர்ட் உரிமையில் ஐந்தாவது ஆண்டையும் 8 சதவீத ஏற்றத்தையும் கொடுக்க முடிந்த நிலையில், நான்கு ஆண்டுக்கு மேல் கொடுக்க முடியாத நிக்ஸ் அந்த இடைவெளியை இப்படி ஈடுகட்டியது. பேரத்தில் இது தவிர்க்க முடியாத விலை.

வேறு வழி இருந்ததா

இன்னொரு கார்டான டிஜவுன்டே மரியை வாங்க அட்லான்டா மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளும் ஓர் இடமாற்று உரிமையும் (டிராஃப்ட் இடங்களை மாற்றிக்கொள்ளும் உரிமை) கொடுத்தது. டோனவன் மிட்செலுக்கு நிக்ஸும் பேசிப் பார்த்தது. செப்டம்பரில் கிளீவ்லாந்து மூன்று ஆட்டக்காரர்களையும் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் இரண்டு இடமாற்று உரிமைகளையும் கொடுத்து முந்திக்கொண்டது. மலிவான வழி டையஸ் ஜோன்ஸ் போன்ற நிதானமான கார்டு. அவர் மெம்ஃபிஸிலேயே தங்கிவிட்டார், தவிர தடுப்பை வளைக்கும் வேலை அவருடையது அல்ல. சொந்த வீட்டிலேயே இமானுவல் குயிக்லி இருந்தார். பெஞ்சிலிருந்து வந்து வேகம் கூட்டுபவர். அவரை நம்பி ஒரு சீசனை ஒப்படைக்க திபடோ தயாராக இல்லை, அந்த வயதில் அது நியாயமும்கூட. பின்னாளில் தடுப்பாட்டத்துக்காக ஓஜி அனுனோபியை வாங்கப் பேரட்டோடு குயிக்லியும் போனார்.

வரம்பு இடத்தில் எடுக்கப்படும் ஃப்ரீ ஏஜென்டுக்கு எதிர்கால முதல் சுற்றுத் தேர்வுகள் போகாது. மரிக்கும் மிட்செலுக்கும் கொடுக்கப்பட்டதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிரன்சனை எடுக்கலாமா என்ற கேள்விக்கு அன்றைய தகவலை வைத்தே 'ஆம்' என்று சொல்லலாம்.

எந்த எதிர்வாதம் பலித்தது

ஓராண்டு எண்களை நம்பலாமா என்ற கவலை பலிக்கவில்லை. முதல் சீசனில் 24.0 புள்ளி, 6.2 அசிஸ்ட், மூன்று புள்ளியில் 41.6 சதவீதம், அணிக்கு 47 வெற்றி, முதல் சுற்றில் கிளீவ்லாந்தை 4-1 என்று சாய்த்தது. அடுத்த சீசனில் 28.7 புள்ளி, அணிக்கு 50 வெற்றி. 2024-25இல் 51 வெற்றி, பாஸ்டனை வீழ்த்தி 2000க்குப் பிறகு முதன்முறையாகக் கிழக்குப் பிரிவு இறுதி.

ரேண்டல், பேரட், பிரன்சன் மூவரும் இடதுகைக்காரர்கள், மூவரும் ஒரே பக்கமாக நுழைய விரும்புவார்கள் என்ற கவலை பாதி பலித்தது. வீச்சு பலவீனமான பேரட்டும் வீசவே தெரியாத ராபின்சனும் சேர்ந்து நின்றபோது பிரன்சன் நுழையும் பாதையில் நெரிசல். ஜாஷ் ஹார்ட், டான்டே டிவின்சென்ஸோ, அனுனோபி என்று சுற்றியிருப்பவர்கள் மாறமாறத்தான் அது தீர்ந்தது.

முழுதாகப் பலித்தது உயரம். பிரன்சன் சோம்பேறித் தடுப்பாளர் அல்ல. மோதுபவர் தன்மேல் விழும்படி முன்கூட்டியே வந்து நின்று ஃபவுல் வாங்குவதில் கெட்டிக்காரர். ஆனால் பிளேஆஃபில் எதிரணி அவர் காக்கும் ஆளையே ஸ்கிரீன் போட வரவழைக்கும். ஆள் மாற்றினால் 6 அடி 2 அங்குலக்காரர் எதிரில் 6 அடி 8 அங்குலக்காரர் நிற்பார். மாற்றாமல் இருவரும் பந்தை மறித்தால் பின்னால் நான்குக்கு மூன்று. 2025 கிழக்கு இறுதியில் இந்தியானா இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தது. தடுப்பில் பலவீனமான நிக்ஸ் சென்டர் கார்ல் அந்தோணி டவுன்ஸும் கூடவே இருந்ததால் குறிவைக்க ஒருவருக்குப் பதில் இருவர் கிடைத்தார்கள். முதல் ஆட்டத்தில் பிரன்சன் 43 புள்ளி எடுத்தும், கடைசி மூன்று நிமிடத்துக்குள் 14 புள்ளி முன்னிலையை விட்டு, கூடுதல் நேரத்தில் 138-135 என்று தோற்றார்கள். மூன்றாவது ஆட்டத்தில் திபடோ ஹார்ட்டைப் பெஞ்சில் உட்காரவைத்து ராபின்சனைத் தொடக்க அணியில் சேர்த்தார். தொடர் 4-2 என்று போனது, திபடோவின் வேலையும் போனது.

மூன்றாவது செலவு

குள்ள கார்டை மறைக்க இரண்டு நல்ல விங் (பக்கவாட்டில் ஆடும் உயரமானவர்) தடுப்பாளர்கள் வேண்டும். எதிரணியின் முதல் கார்டை ஒருவர் எடுத்துக்கொள்வார், பெரிய விங்கை இன்னொருவர். எதிரணியில் யார் ஆபத்து குறைந்தவரோ அவரிடம் பிரன்சன் நிற்பார். 2022 கோடையில் நிக்ஸிடம் அப்படி ஒரு ஜோடி இல்லை. கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்பதே திட்டம். 2023 டிசம்பர் 30 அன்று பேரட்டையும் குயிக்லியையும் கொடுத்து அனுனோபியை வாங்கினார்கள். அடுத்த கோடையில் அவரைத் தக்கவைக்க ஐந்து ஆண்டுக்கு 21.25 கோடி. அதே கோடையில் மிகால் பிரிட்ஜஸுக்காக புரூக்ளினுக்குப் போனவை: நிக்ஸின் சொந்த முதல் சுற்றுத் தேர்வுகள் நான்கு (2025, 2027, 2029, 2031), 2022இல் இடம் காலிசெய்தபோது வாங்கிவைத்த மில்வாக்கித் தேர்வு, 2028க்கான ஓர் இடமாற்று உரிமை, ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு.

பிரிட்ஜஸ் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் பிரன்சனோடு பட்டம் வென்றவர் என்ற நட்புக்கதைதான் செய்திகளில் அதிகம் ஓடியது. ஆனால் அந்தத் தேர்வுகள் போனது 6 அடி 2 அங்குலக் கார்டின் முன்னால் நிற்க ஆள் வேண்டும் என்பதற்காக. 2022இல் மரிக்காகக் கொடுக்க மனமில்லாத அளவைவிட இது அதிகம். மரி 6 அடி 5 அங்குலம், அதற்கு முந்தைய சீசனில் லீகிலேயே அதிக ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எடுத்தவர். ஆனாலும் பிரன்சனின் ஆட்டத் தரத்தை மரி தொட்டதில்லை, ஆகவே தேர்வு சரிதான். விலைப்பட்டியலில் மட்டும் 10.4 கோடிக்குக் கீழே இன்னொரு வரி இருந்திருக்க வேண்டும்: ஐந்து முதல் சுற்றுத் தேர்வு, தவணையில், 2031 வரை.